மலைத் தோட்டத்துக்கு எந்தத் தேனீப் பெட்டி?

குமணன்சாவடியில் எங்கள் தேனீப் பெட்டிகளுக்கு நிழல் தேடுவதே வேலை. வங்கியில் என்னோடு இருந்த நண்பருக்குத் தாண்டிக்குடியில் காபித் தோட்டம். அவர் கவலை குளிர். ஐப்பசி முதல் தை வரை மழையையும் பனியையும் தேனீக் குடும்பம் தாங்கினால்தான், மார்ச், ஏப்ரலில் காபி பூக்கும்போது பெட்டியில் ஈ இருக்கும். குளிர்நாட்டுப் பெட்டிகளின் வரைபடங்களை அனுப்பி, "எதைச் செய்யச் சொல்லலாம்?" என்று கேட்டார்.

எதையும் அப்படியே செய்யாதீர்கள் என்றேன். அவை மேல்நாட்டுத் தேனீக்கானவை. நம்ம இந்தியத் தேனீ உருவிலும் சிறிசு, குடும்பமும் சிறிசு. புழு வளரச் சுமார் 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். அதைத் தேனீக்களே தேனைத் தின்று உடம்பால் உண்டாக்குகின்றன. பெட்டியில் காலி இடம் கூடினால் சேமித்த தேன் கரையும். இன்னொன்று, மேல்நாட்டுத் தேனீ மரப்பிசின் கொண்டுவந்து இடுக்குகளை அடைத்துக்கொள்ளும். நம்ம தேனீக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஆசாரி விட்ட சந்து சந்துதான். மூட்டுகளை இறுக்கமாகச் செய்யச் சொல்லுங்கள்.

அடிப்படை, நியூட்டன் பெட்டிதான். 1910களில் தென்னிந்தியாவில் பாதிரியார் நியூட்டன் நம் தேனீக்கென்றே வடிவமைத்தது. புழு அறையில் ஏழு சட்டங்கள். (அமெரிக்காவின் லாங்ஸ்ட்ராத், பிரான்சின் வாரே, இருவரும் பாதிரியார்கள்தான். என்ன ராசியோ!) உள் அளவில் கைவைக்காமல், பலகையை மட்டும் ஒன்றேகால் அங்குலத் தடிமனாக்கலாம்.

வாரே பெட்டியிலிருந்து ஒரு யோசனையை எடுத்துக்கொள்ளலாம். உள்மூடிக்குப் பதில், அடியில் சாக்குத்துணி அடித்த நாலு அங்குலத் தட்டில் உலர்ந்த மரத்தூளை நிரப்பி வைப்பது. கூட்டிலிருந்து மேலேறும் ஈரக்காற்று குளிர்ந்த மூடியில் பட்டு நீராகிச் சொட்டாது. என்னைக் கேட்டால் குளிரைவிட அந்தச் சொட்டுதான் கெடுதல். மேல்மூடியில் காற்றுத்துளை வேண்டும். தூள் நனைந்தால் மாற்றவும் வேண்டும்.

காஷ்மீரில் வீட்டு மண்சுவருக்குள்ளேயே கூடு வைப்பார்கள். தேனீக்கு வெளியே சின்ன வாசல். தேன் எடுப்பது வீட்டுக்குள்ளிருந்து. அங்கேயும் நம்ம இனத் தேனீதான். தடித்த சுவர் பகல் சூட்டை இரவுக்குச் சேர்த்துவைக்கும். தாண்டிக்குடிக்கு அவ்வளவு தேவையில்லை, காற்றடிக்கும் பக்கம் ஒரு மண்சுவர் மறைப்பு போதும்.

ஐப்பசிக்கு முன் தேன் அறையை எடுத்துவிடுங்கள். புழு அறைத் தேனைத் தொடாதீர்கள். ஈ மொய்க்காத சட்டங்களை நீக்கித் தடுப்புப் பலகை வையுங்கள். வாசலைச் சுருக்கிக் கிழக்கு பார்க்க வைத்து, மழைநீர் வழியப் பெட்டியை முன்பக்கம் லேசாகச் சாயுங்கள். பெயின்ட் வெளிப்பக்கம் மட்டும்தான்.

முதலில் இரண்டே பெட்டி செய்து ஒரு மழைக்காலம் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.