வேரில் தொங்கும் கொசுப்புழு

குளத்தில் ஆகாயத்தாமரை மண்டினால், 'தண்ணி கெட்டுப்போச்சு' என்பதோடு விட்டுவிடுகிறோம். அதன் வேரில் யானைக்கால் நோயும் வளரலாம் என்பதற்குக் கேரளத்தின் சேர்த்தலை வட்டாரமே சாட்சி.

யானைக்கால் நோய்க்குக் காரணம் நூல் போன்ற புழு. அதன் குஞ்சுகள் இரவில் நோயாளியின் ரத்தத்தில் உலவும். கடிக்கும் கொசு அவற்றை உறிஞ்சும். கொசுவின் உடலில் சுமார் இரண்டு வாரம் வளர்ந்து, அடுத்தவரைக் கடிக்கும்போது இறங்கிவிடும். நிணநீர்க் குழாய்களில் குடியேறி அவற்றைக் கெடுக்கும், கால் வீங்கும்.

நம்ம பக்கம் இதைப் பரப்புவது சாக்கடையில் வளரும் க்யூலெக்ஸ் கொசு. சேர்த்தலையில் மான்சோனியா கொசு. மற்ற கொசுப்புழுக்கள் மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வரும், இது வராது. மூச்சுக்குழலை ஆகாயத்தாமரை வேரில் குத்தி, அங்கிருந்தே காற்றை எடுத்துக்கொள்ளும். அதனால் தண்ணீர்மேல் எண்ணெய் விட்டும் பயனில்லை. செடியை எடுத்தால்தான் ஒழியும்.

1980களில் புதுச்சேரி நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், ஊர் மக்களோடு சேர்ந்து அங்கே குளங்களில் களையை எடுத்து மீன் வளர்க்க வைத்தது. மீனில் காசு வந்தால், குளத்தைச் சுத்தமா வைக்கச் சொல்லி யாரும் வரவேண்டியதில்லையே!

நாமும் செய்யலாம். வேரோடு வாருங்கள், நாலு செடி விட்டாலும் மறுபடி மண்டிடும். கரையில் உலர்த்தி, சாணத்தோடு அடுக்கி மட்க வையுங்கள். ஆலைக்கழிவு கலக்கும் குளத்துச் செடி மட்டும் உரத்துக்கு வேண்டாம். பிறகு புல்கெண்டைக் குஞ்சு விடுங்கள். மிச்சம் முளைக்கும் இளங்களையை அது மேயும்.

களை உரமாச்சு, குளம் வருமானமாச்சு, கொசுவுக்குத்தான் இடமில்லை.