மழை இறங்குமுன்: பெரார்கஞ்ச் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் மே மாத ஆலோசனை

மே 20-ஆம் தேதியை ஒட்டித் தென்மேற்குப் பருவமழை அந்தமான் கடலில் இறங்கிவிடும். ஏறக்குறைய அதே நாட்களில்தான் சிபிஎஸ்இ முடிவுகள், நுழைவுத் தேர்வுகள், கல்லூரி விண்ணப்பங்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். மழை பிடித்துவிட்டால் ஒரு சான்றிதழுக்காக அலுவலகத்துக்கு நடப்பதே பெரும்பாடு. வெயில் இருக்கும் இந்த இரண்டு மூன்று வாரங்களில் செய்து முடிக்க வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை தாசில்தார் அலுவலகத்தில். பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான ஈடபிள்யூஎஸ் சான்றிதழ் நிதியாண்டுக்கு நிதியாண்டு மாறும். ஏப்ரல் 1-க்குப் பின் வாங்கிய புதுச் சான்றிதழைத்தான் மத்தியக் கல்வி நிறுவனங்கள் கேட்கும். போன வருடத்தது உதவாது. தமிழ்க் குடும்பங்கள் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். தமிழ்நாட்டின் பிற்பட்டோர் பட்டியல் அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்குப் பொருந்தாது. இந்த ஒன்றியப் பிரதேசத்துக்கு என்று பட்டியல் சாதியினர் பட்டியலும் கிடையாது. தாத்தா ஊரில் வாங்கிய சாதிச் சான்றிதழ் பெட்டியில் பத்திரமாக இருக்கும். அது எந்தக் கல்லூரியில் செல்லும், எங்கே செல்லாது என்பதைப் படிவம் நிரப்பும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தீவுவாசி அடையாள அட்டையில் பெயரும் அப்பா பெயரும் 10-ஆம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஒரு முதலெழுத்து மாறியதற்காகக் கலந்தாய்வில் திண்டாடிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, 10-ஆம் வகுப்பு முடித்தவர்களுக்கு. 11-ஆம் வகுப்பில் என்ன பாடம் எடுப்பது என்ற பேச்சு வீட்டுக்கு வீடு நடக்கும். கணக்கு கஷ்டம், விட்டுவிடலாம் என்பதுதான் பெரும்பாலும் முடிவாக இருக்கும். தயவுசெய்து ஒரு வாரம் பொறுங்கள். கணக்கை விட்டால் எவையெல்லாம் கையைவிட்டுப் போகும் என்று எழுதிப் பாருங்கள்: பொறியியல், கப்பல் அதிகாரிப் படிப்பு, விமானி, கடல் பொறியியல். பிற்பாடு மனம் மாறினாலும் 11-ஆம் வகுப்பில் எடுக்காத கணக்கைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம். 10-ஆம் வகுப்பில் எளிய நிலையான ‘பேசிக்’ கணக்கு எழுதியவர்கள், மேலே கணக்கு எடுக்க என்ன வழி என்று பள்ளி முதல்வரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

நான் அதிகம் பேச விரும்புவது கடலைப் பற்றி. சாத்தாமுக்கும் பம்பூபிளாட்டுக்கும் இடையே போகும் வாகனப் படகில் நம் பிள்ளைகள் எத்தனையோ முறை போய் வந்திருப்பார்கள். அடுத்த முறை ஏறும்போது கொஞ்சம் கவனிக்கச் சொல்லுங்கள். ஜெட்டியை நெருங்கும்போது ஒருவர் கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு முன்பக்கம் வந்து நிற்பார். மேலே ஒருவர் சுக்கானைப் பிடித்திருப்பார். கீழே எஞ்சின் அறையின் சூட்டில் ஒருவர் எண்ணெய் துடைத்த துணியோடு நிற்பார். இந்த மூன்று பேரும் சான்றிதழ் பெற்று வேலை பார்ப்பவர்கள். நம்மைச் சுற்றி இருப்பதோ தண்ணீர். இந்தியாவின் பிரத்யேகப் பொருளாதாரக் கடல் மண்டலத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு இத்தீவுகளைச் சுற்றியே இருக்கிறது. அப்படியிருந்தும், பெரார்கஞ்சில் 12-ஆம் வகுப்பு முடிக்கும் பிள்ளையிடம் கேட்டால் கப்பல் படிப்புக்கு எங்கே விண்ணப்பிப்பது என்று தெரியவில்லை. இது பிள்ளையின் குற்றமில்லை, நாம் சொல்லவில்லை.

இப்போது சொல்கிறேன். கப்பல் அதிகாரி ஆக, 12-ஆம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணக்கு மூன்றிலும் சேர்த்துச் சராசரி 60 விழுக்காடு வேண்டும், ஆங்கிலத்தில் 50. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய கடல்சார் பல்கலைக்கழகம் நடத்தும் ஐஎம்யு நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். நாட்டிகல் சயின்ஸ் மூன்றாண்டு, மரைன் இன்ஜினியரிங் நான்காண்டு. பெண்பிள்ளைகளும் சேரலாம்; சேர்ந்து அதிகாரிகளாகவும் இருக்கிறார்கள். 10-ஆம் வகுப்போடு நிற்பவர்களுக்கு, கப்பலில் பணியாளராகச் சேர ஜிபி ரேட்டிங் என்ற ஆறு மாதப் பயிற்சி உண்டு. இதற்குப் பதினேழரை வயது நிரம்பியிருக்க வேண்டும்.

மீன்பிடிக் கப்பல் பக்கம் போக விரும்பினால், கொச்சியில் 1963-இல் தொடங்கிய சிஃப்நெட் நிறுவனம் இருக்கிறது. சென்னையிலும் விசாகப்பட்டினத்திலும் கிளைகள். அங்கே வெசல் நேவிகேட்டர், மரைன் ஃபிட்டர் என்று இரண்டாண்டுப் பயிற்சிகள். 10-ஆம் வகுப்பில் கணக்கும் அறிவியலும் தேறியவர்கள் சேரலாம். நம் கடலில் சூரை மீன் நிறைய. அதைப் பிடிக்கப் பெரிய படகும் அதை ஓட்டத் தெரிந்த ஆளும் வேண்டும். என்னைக் கேட்டால், நம் தாலுகா பிள்ளைகளுக்கு இந்தப் பயிற்சியைப்போல் பொருத்தமானது வேறு இல்லை.

இதற்கெல்லாம் முன்னால் கண் பரிசோதனை. கப்பலை ஓட்டும் டெக் பிரிவுக்குக் கண்ணாடி இல்லாமலே பார்வை தெளிவாக இருக்க வேண்டும், நிறக்குறைபாடு இருக்கவே கூடாது. எஞ்சின் பிரிவில் கண்ணாடிக்கு ஓரளவு இடம் தருகிறார்கள். நிறக்குறைபாட்டைப் பார்க்கும் சோதனை மிகச் சுலபம். வண்ணப் புள்ளிகளால் நிரம்பிய வட்டத்துக்குள் ஓர் எண் மறைந்திருக்கும். அதைப் படித்துச் சொன்னால் போதும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், பாக்கு விற்ற பணத்தை ஓர் ஏஜென்டிடம் கட்டிப் பையனை மெயின்லேண்டுக்கு அனுப்பினார்கள். பச்சையும் சிவப்பும் அவனுக்குப் பிரிந்து தெரியவில்லை என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. பணம் திரும்பி வரவில்லை. பையன் மூன்று மாதம் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. இந்தச் சோதனைக்கு அரசு மருத்துவமனையில் பத்து நிமிடம் போதும்.

ஏஜென்டுகளைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. கப்பல் பயிற்சி நிறுவனம் எதுவானாலும் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டிஜி ஷிப்பிங்கின் அங்கீகாரப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று அதன் இணையதளத்திலேயே பாருங்கள். செவிலியர் படிப்பானால் இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியல், ஐடிஐ என்றால் டிஜிடி எனப்படும் பயிற்சித் தலைமை இயக்குநரகத்தின் பட்டியல். பட்டியலில் இல்லாத இடத்துக்கு ஒரு ரூபாய்கூட முன்பணம் கட்டாதீர்கள், சொந்தக்காரரே சொன்னாலும் சரி.

சுற்றுலா வேலை என்றாலே ஹோட்டல் வரவேற்பறை என்று நினைக்கிறோம். ஸ்வராஜ் தீவில், பழைய பெயரில் சொன்னால் ஹாவ்லாக்கில், கடலுக்கடியில் நீந்தும் ஸ்கூபா வேலைக்கு வெளியூர் ஆட்கள் வருகிறார்கள். ஓபன் வாட்டர், அட்வான்ஸ்ட், ரெஸ்க்யூ என்று ஒவ்வொரு படியாக ஏறி, 18 வயதுக்குப் பின் டைவ்மாஸ்டர் ஆகலாம். அதற்கு மேல்தான் பயிற்றுநர். செலவு உண்டு, ஒவ்வொரு படிக்கும் தனிக் கட்டணம். நீச்சல் நன்றாகத் தெரிந்து, இந்தியோடு ஆங்கிலமும் பேச வரும் பிள்ளைகளுக்கு இது நல்ல வாழ்வு. உயிர்காப்பாளர் பயிற்சியும் மோட்டார் படகு ஓட்டும் பயிற்சியும் கோவாவில் உள்ள தேசிய நீர் விளையாட்டு நிறுவனத்தில் கிடைக்கின்றன. சமையலில் ஆர்வம் இருப்பவர்கள் ஹோட்டல் மேலாண்மைக்கான என்சிஹெச்எம் நுழைவுத் தேர்வைக் கவனியுங்கள்.

மின்சாரம் இன்னொரு துறை. இத்தீவுகளில் விளக்குகள் இன்றும் பெரும்பாலும் டீசலில்தான் எரிகின்றன. அதைக் குறைக்கத்தான் அட்டம் பகாட்டிலும் டாலிகஞ்சிலும் என்எல்சி நிறுவனம் பேட்டரியோடு மொத்தம் 20 மெகாவாட் சூரிய மின் நிலையங்களை அமைத்தது. பலகையைத் துடைக்க, கம்பி இணைக்க, பேட்டரி பழுது பார்க்க ஆள் வேண்டும். டாலிகஞ்ச் ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் பிரிவுக்கு விண்ணப்பிப்பதைத் தாழ்வாக நினைக்காதீர்கள். ஐடிஐ முடித்ததும் அப்ரன்டிஸ் பதிவையும் அன்றே செய்துவிடுங்கள். டிப்ளமோ, பொறியியல் என்றால் பகார்காவில் டாக்டர் அம்பேத்கர் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது.

பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயின் எழுதிய பிள்ளைகளின் பெற்றோர் பலருக்குத் தெரியாத ஒரு வழி உண்டு. போதிய கல்வி வசதி இல்லாத மாநிலங்களுக்கும் ஒன்றியப் பிரதேசங்களுக்கும் என்று மெயின்லேண்டுக் கல்லூரிகளில் தனி இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். சிஎஸ்ஏபி-நியூட் என்ற கலந்தாய்வில் அவை நிரப்பப்படும். அந்தமானும் அதில் சேர்த்தி. பொதுத் தரவரிசையைப் பார்த்துத் துவண்டுவிட வேண்டாம். அறிவிப்பு எப்போது வருகிறது என்று வாரம் ஒருமுறை சிஎஸ்ஏபி இணையதளத்தைத் திறந்து பாருங்கள்.

மருத்துவம், ஆசிரியர் பயிற்சி, கலை அறிவியல் பட்டங்கள் பற்றி எல்லாருக்கும் தெரியும், நீட்டவில்லை. வேளாண் படிப்புக்கு இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுவின் (ஐசிஏஆர்) இடங்கள் இப்போது சியூஇடி நுழைவுத் தேர்வு மதிப்பெண் வழியாகவே நிரம்புகின்றன. தென்னையும் பாக்கும் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள், காராச்சர்மாவில் உள்ள தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தை ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

கிரேட் நிக்கோபாரில், கலாத்தியா விரிகுடாவில் வரவிருக்கும் துறைமுகத்தை நம்பிப் படிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். அதற்குச் சுற்றுச்சூழல் அனுமதி 2022 நவம்பரில் கிடைத்தது. எதிர்ப்பும் வழக்குகளும் நடக்கின்றன. அந்த ஒரு துறைமுகத்துக்காக மட்டும் எந்தப் படிப்பையும் எடுக்காதீர்கள். கொச்சியிலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் வேலை தரும் படிப்பாக இருந்தால் எடுங்கள்; இங்கே துறைமுகம் வந்தால் இங்கேயும் தரும்.

அரசு வேலைக்குக் காத்திருப்பவர்களிடம் நான் சண்டை போடப் போவதில்லை. விண்ணப்பியுங்கள், எழுதுங்கள். ஆனால் இருபத்தைந்து வயதுவரை கையில் ஒரு தொழிலும் இல்லாமல் காத்திருக்க வேண்டாம்.

கலந்தாய்வுக்குச் சென்னை போக வேண்டியிருந்தால் கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். டிக்கெட் தேதியைப் பார்த்த பிறகே மற்ற தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த வாரத்துக்குள் பிள்ளையைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். வரும் வழியில் தாசில்தார் அலுவலகத்தில் சான்றிதழுக்கான விண்ணப்பத்தையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.