‘இனர்ஷியா’ என்னும் சொல்

தமோகுணத்தைக் குறிக்க ஆங்கில நூல்களில் ‘இனர்ஷியா’ என்ற சொல் அடிக்கடி வருகிறது. அதைச் ‘சோம்பல்’ என்று மொழிபெயர்த்துவிடுவது எளிது. நானும் பலமுறை அப்படி எழுதியிருக்கிறேன். லத்தீன் மூலத்தில் ‘திறனற்ற, செயலற்ற நிலை’ என்பதே இதன் பொருள். ஆனால் 1687-இல் நியூட்டன் வகுத்த விதியில் பொருள் விரிந்தது. புறவிசை தாக்கும்வரை நிற்கும் பொருள் நின்றுகொண்டே இருக்கும். ஓடும் பொருளும் அதே வேகத்தில் நேர்க்கோட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். பாடநூல்கள் இதை ‘நிலைமம்’ என்கின்றன.

திருவனந்தபுரம் வட்டியூர்க்காவில் இஸ்ரோவின் ‘இனர்ஷியல் சிஸ்டம்ஸ் யூனிட்’ இருக்கிறது. செயலின்மைக்கு ஒரு நிலையமா என்று சிலர் வியக்கக்கூடும்! ராக்கெட்டின் திசையையும் வேக மாற்றத்தையும் உணரும் கருவிகள் அங்கே உருவாகின்றன. அவற்றுக்கு அடிப்படை இந்த நிலைமமே.

கீதையின் 14-ஆம் அத்தியாயம் தமஸின் கட்டுகளாகக் கவனமின்மை, சோம்பல், உறக்கம் ஆகியவற்றைக் கூறுகிறது. சோம்பல் இரண்டாவதுதான்; முதலில் நிற்பது கவனமின்மை. ஓட்டம் ரஜஸ் அல்லவா என்று அன்பர்கள் கேட்கலாம். ஆசையால் ஓடுவது ரஜஸ். ஆசைகூட இல்லாமல், நேற்று ஓடியதாலேயே இன்றும் ஓடுவது? செயலிலும் தாமஸச் செயல் உண்டு என்று 18-ஆம் அத்தியாயம் பேசுகிறது. மனம் எங்கோ இருக்க, பழக்கத்தால் மட்டும் ஜபமாலையை உருட்டும் விரல்களைச் ‘சோம்பல்’ என்ற சொல் தொடுவதில்லை. என் கைப்பிரதியில் அதை அடித்துவிட்டுச் ‘சடத்தன்மை’ என்று எழுதினேன்.