சோதனையில் ஷுக்ரு: எஞ்சியிருப்பதை எண்ணுவோம்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலாத்தும் ஸலாமும் உண்டாவதாக!



நிஃமத் வரும்போது அல்ஹம்து லில்லாஹ் சொல்வது எளிது. சம்பளம் கூடினால், பிள்ளை பிறந்தால் நாவு தானாகவே புகழ்கிறது. ஆனால் வேலை இழந்து ஊர் திரும்பியவர், கடன் கொடுத்தவரைப் பார்க்கக் கூசி வேறு தெரு வழியாகப் போகிறவர், மருத்துவ அறிக்கையை வீட்டில் எப்படிச் சொல்வதென்று தவிப்பவர் எதற்காக ஷுக்ரு செய்வது? இந்தக் கேள்வியோடு நம் ஸஃப்பில் நிற்பவர்கள் இருக்கிறார்கள்.

உர்வா (ரஹ்) அவர்களின் கணக்கு

உர்வா பின் ஸுபைர் (ரஹ்) அவர்கள் மதீனாவின் ஏழு பெரும் ஃபுகஹாக்களில் ஒருவர். அஸ்மா (ரலி) அவர்களின் மகன். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் சகோதரி மகன். கலீஃபா வலீதைச் சந்திக்க திமிஷ்க் சென்றபோது அவர்களுடைய காலில் நோய் பரவி, காலையே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அதே பயணத்தில் அவர்களுடைய மகனைக் கால்நடை ஒன்று உதைத்து, அவர் வஃபாத்தானார்.

அப்போது அவர்கள் போட்ட கணக்கை வரலாற்று நூல்கள் பதிவு செய்துள்ளன. ஏழு ஆண் மக்களில் ஒருவரை எடுத்துக்கொண்டு ஆறு பேரை விட்டு வைத்ததற்காகவும், இரண்டு கை இரண்டு காலில் ஒன்றை எடுத்துக்கொண்டு மூன்றை விட்டு வைத்ததற்காகவும் ரப்பைப் புகழ்ந்தார்கள். போனது போகவில்லை என்று அவர்கள் சொல்லவில்லை. போனதையும் எண்ணினார்கள், இருப்பதையும் எண்ணினார்கள். நாமோ போனதை மட்டும் எண்ணி, இருப்பதை எண்ண மறந்துவிடுகிறோம்.

அழுவது நன்றிகேடல்ல

நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் (ரலி) மரணத் தறுவாயில் இருந்தபோது நபியவர்களின் கண்கள் கலங்கின. அதைக் கண்டு வியந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களிடம், இது ரஹ்மத் என்றார்கள். கண் அழும், உள்ளம் வருந்தும், ரப்புக்குப் பொருத்தமில்லாததை மட்டும் நாவு சொல்லாது என்பதே அவர்கள் கற்றுத் தந்த எல்லை. ஆகவே அழுகிறவரைப் பார்த்து, "உனக்கு ஈமான் குறைவு" என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

தவக்குல் என்றால் கை கட்டி இருப்பதா?

பாலைவனத்தில் கைக்குழந்தையோடு விடப்பட்ட அன்னை ஹாஜரா (அலை) அவர்கள், இது அல்லாஹ்வின் கட்டளை என்று தெரிந்ததும், அப்படியானால் அவன் நம்மைக் கைவிட மாட்டான் என்றார்கள். அதற்காகச் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. தண்ணீர் தீர்ந்தபோது ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை அலைந்தார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அவர்கள் ஓடியது அந்தக் குன்றுகளுக்கு இடையே. ஸம்ஸம் வெளிப்பட்டதோ குழந்தை இருந்த இடத்தில். முயற்சி நம் கடமை. எங்கிருந்து தருவது என்பது அவன் முடிவு. ஆகவே வேலை தேடுங்கள், வைத்தியம் பாருங்கள், கடன் கொடுத்தவரை நேரில் பார்த்துத் தவணை கேளுங்கள். ஒரு கதவு திறக்காவிட்டால் ரப்பே கைவிட்டான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

அடுத்தவர் சோதனையில் நம் வேலை

ஹிஜ்ரி 8-இல் மூத்தா போரில் ஜஅஃபர் (ரலி) ஷஹீதானார்கள். செய்தி வந்ததும், ஜஅஃபரின் குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள்.

ஷுக்ரையும் ஸப்ரையும் நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டும். துன்பத்தில் இருப்பவரின் வீட்டுக்கோ சோறு போக வேண்டும். பிள்ளையின் பள்ளிக் கட்டணம் போக வேண்டும். மருத்துவமனைக்குத் துணைக்கு ஓர் ஆள் போக வேண்டும். தன்னிடம் எஞ்சியிருப்பதை அவர் எண்ணிப் பார்க்கும்போது, அந்த நிஃமத்துகளில் ஒன்றாக நாமும் இருக்க வேண்டாமா?

இந்த வாரம் மஹல்லாவில் அப்படி ஒரு வீட்டையாவது தேடிச் செல்வோம்.

யா அல்லாஹ்! இழப்பில் பொறுமையையும், இருப்பதில் நன்றியையும், வருவதில் உன் மீது முழு நம்பிக்கையையும் எங்களுக்குத் தந்தருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.