ஒரே ஈற்றுக் குட்டிகள், இருவேறு குணங்கள்

ஒரே ஈற்றில் பிறந்த நாய்க்குட்டிகளாயினும் குணம் ஒன்றாயிராது. ஒன்று யாரையும் கண்டு துள்ளி ஓடிவரும்; மற்றொன்று கட்டிலுக்கடியில் பதுங்கும். முன்னதை மெச்சிப் பின்னதைக் கோழையென அதட்டுதல் தவறு. அஞ்சி ஒடுங்கும் நாயும், தப்ப வழியில்லையேல் கடிக்கும். சிறுபிள்ளைகள் ஓடியாடும் தோட்டத்து லயங்களில் இதனை மறத்தலாகாது.

பிறந்த 3ஆம் வாரம் முதல் ஏறத்தாழ 14ஆம் வாரம் வரை குட்டிகள் உலகைப் பழகும் பருவமாகும். அஞ்சும் குட்டியைத் தனியே தூக்கிச் சென்று, மோட்டார் சைக்கிள், அயலார், பிள்ளைகள் ஆகியவற்றைத் தொலைவிலிருந்தே காட்டுக. அது தானே நெருங்க முற்படின் சிறிது உணவளித்துப் பாராட்டுக, இழுத்துச் செல்லற்க.

துடுக்கான குட்டி கையைக் கடித்து விளையாடினால், அடியாமல் விளையாட்டை உடனே நிறுத்துக. அது அமைதியாய் அமர்ந்த பின்னரே சோறிடுக.

எப்போதும் சேர்ந்தேயிருப்பின், அஞ்சும் குட்டி மற்றதன் பின்னால் ஒளிந்தே வளரும். ஆதலின் தட்டும் பயிற்சியும் தனித்தனியாக அமைதல் வேண்டும். காலையில் 5 நிமிடம், மாலையில் 5 நிமிடம் போதும்.

6 முதல் 8 வாரத்திற்குள் இரண்டிற்கும் முதல் தடுப்பூசி போடுக. கால்நடை மருத்துவர் குறிக்கும் நாள்களில் அடுத்த ஊசிகளையும் தவறாது போடுக. அவை முடியும்வரை தெருநாய்களுடன் சேரவிடாதீர். குணம் பிறவியில் வருவது; பழக்கமோ வளர்ப்பவர் பொறுப்பு.