நாய்க்கு டின் உணவு: தண்ணீரைக் கழித்துவிட்டுப் பாருங்கள்

மேல்மலையனூர்ப் பக்கம் காவலுக்கு நாய் இல்லாத கொல்லை குறைவு. கூழும் பழைய சோறும் மீன் தலையும் தின்று வளர்ந்த நாட்டு நாய்களோடு இப்போது லேப்ரடாரும் பொமரேனியனும் ராஜபாளையம் குட்டியும் சேர்ந்துவிட்டன. செஞ்சிக்கோ திண்டிவனத்துக்கோ போகிறவர்கள் திரும்பும்போது ஒரு டின்னோ நாலு பவுச்சோ வாங்கி வருகிறார்கள். கஷ்டப்பட்டுச் சம்பாதித்த காசில் வாங்குவது அது. கோழிப் படத்தைப் பார்த்து வாங்காமல், பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் பார்த்து வாங்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

• "கம்ப்ளீட்" என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அது இருந்தால் அந்த உணவை மட்டுமே போட்டு நாயை வளர்க்கலாம் என்று பொருள். "காம்ப்ளிமென்டரி", "டாப்பர்", "ட்ரீட்" என்றிருந்தால் அது தொட்டுக்கொள்ள மட்டும்தான். குட்டிக்கா, வளர்ந்த நாய்க்கா என்பதையும் அதே இடத்தில் பாருங்கள்.

• தண்ணீரைக் கழியுங்கள். இதை ஒருமுறை கற்றுக்கொண்டால் எந்தக் கடைக்காரரும் உங்களைக் குழப்ப முடியாது. டின்னில் "புரோட்டீன் 8%", உலர் உணவுப் பையில் "புரோட்டீன் 22%" என்று பார்த்ததும் டின் மட்டம் என்று நினைத்துவிடுகிறோம். டின்னில் ஈரம் 80% என்றால் மிச்சம் 20 பங்குதான் உணவு. அந்த 20-இல் 8 புரதம், அதாவது 40%. உலர் உணவில் ஈரம் 10%, மிச்சம் 90. அதில் 22 புரதம் என்றால் 24% சொச்சம்தான். அமெரிக்காவில் பின்பற்றும் ஆஃப்கோ அளவுகோல், ஈரம் நீக்கிய கணக்கில் வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18%, குட்டிக்கு 22.5% புரதம் வேண்டும் என்கிறது. கொழுப்புக்கு அது முறையே 5.5%, 8.5%.

கொழுப்பையும் இதே போலக் கணக்கிட மறக்காதீர்கள். 78% ஈரமுள்ள டின்னில் "ஃபேட் 5%" என்பது பார்க்கச் சின்ன எண். கழித்துப் பார்த்தால் 23%-க்குப் பக்கம். கணைய அழற்சி வந்து தேறிய நாய்க்கு அது ஆபத்து.

• மூலப்பொருள் பட்டியலை உப்பு வரைக்கும் கவனமாகப் படியுங்கள். எடை அதிகமானது முதலில், குறைந்தது கடைசியில் என்பது வரிசை. உப்பு பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் கீழேதான் சேரும். ஆகவே உப்புக்குப் பின்னால் வரும் கேரட், பட்டாணி, கீரை எல்லாம் பேருக்குத்தான் இருக்கின்றன. இன்னொன்று: சோளம், சோள மாவு, சோளப் புரதம் என்று ஒரே தானியத்தை மூன்றாகப் பிரித்து எழுதினால் இறைச்சி முதலிடத்துக்கு வந்துவிடும். மூன்றையும் கூட்டிப் பாருங்கள். பச்சை இறைச்சியின் எடையில் முக்கால் பங்குக்குப் பக்கம் தண்ணீர் என்பதும் நினைவிருக்கட்டும்.

• வெளிநாட்டு டின் என்றால் பெயரைக் கூர்ந்து படியுங்கள். அமெரிக்க விதிப்படி "வித் சிக்கன்" என்று எழுத 3% கோழி போதும். "சிக்கன் டின்னர்" என்றால் 25% வேண்டும். "சிக்கன் ஃப்ளேவர்" என்றால் வாசனை தெரிந்தாலே போதும்.

• ஒரு டின்னையாவது பிரித்து ஆராயுங்கள். டீ வடிகட்டியில் கொட்டிக் குழம்பு வடிந்ததும் துண்டுகளை மட்டும் எடை போடுங்கள். பிறகு ஒரு துண்டைத் தட்டில் வைத்து விரலால் நசுக்குங்கள். சதை என்றால் நார் நாராகப் பிரியும். அரைத்த இறைச்சியையும் கோதுமைப் புரதத்தையும் சேர்த்து வார்த்த துண்டு என்றால் எல்லாப் பக்கமும் ஒரே சீராக உதிரும். அதில் கெடுதல் இல்லை. ஆனால் முழு இறைச்சியின் விலையை அதற்குக் கொடுக்கத் தேவையில்லை.

• தயாரித்த மாதம், காலாவதி, தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் முகவரி, புகார் தொலைபேசி எண் எல்லாம் இருக்க வேண்டும். முகவரி இல்லாத டின்னை வைத்துவிட்டு வாருங்கள்.

• புது உணவை ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். அமாவாசையை ஒட்டித் தொடங்காதீர்கள். அன்று மேல்மலையனூர்க் கோயிலில் நடக்கும் ஊஞ்சல் உற்சவக் கூட்டத்தில் யார் நாய்க்கு என்ன போட்டார்கள் என்று தெரியாது. மறுநாள் வயிறு போனால் எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது.

செய்யக்கூடாதவை

• ஈரல், நுரையீரல், மண்ணீரல் என்ற பெயர்களைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். "பை-ப்ராடக்ட்" என்றால் கழிவு என்று நகரத்தில் ஒரு பயம் இருக்கிறது. ஆட்டு மண்ணீரலையும் ஈரலையும் தேடி வாங்குகிற நமக்கு அந்தப் பயம் தேவையில்லை. வைட்டமின் ஏ-யும் இரும்புச் சத்தும் வெறும் சதையைவிட ஈரலில்தான் அதிகம். எந்தப் பிராணி, எந்த உறுப்பு என்று சொல்லாமல் "மீட் அண்ட் அனிமல் டெரிவேட்டிவ்ஸ்" என்று பொதுவாக எழுதியிருந்தால்தான் யோசிக்க வேண்டும். குவார் கம் என்ற பெயரும் மிரட்ட வேண்டாம். அது கொத்தவரை வகை விதையிலிருந்து எடுத்த பசை.

• புரத எண் ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். ஆய்வகம் நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கித்தான் "குரூட் புரோட்டீன்" என்று போடுகிறது. நைட்ரஜன் எதிலிருந்து வந்தது என்று அந்த எண் சொல்லாது. இந்த ஓட்டைக்குள்தான் 2007-இல் அநியாயம் நடந்தது. சீனாவிலிருந்து கோதுமைப் புரதம் என்ற பெயரில் போன மாவில், நைட்ரஜன் மிகுந்த மெலமைன் என்ற ரசாயனத்தைக் கலந்திருந்தார்கள். மெனு ஃபுட்ஸ் என்ற கனடா நிறுவனம் அந்த மார்ச்சில் 6 கோடி டின், பவுச்களைத் திரும்பப் பெற்றது. எல்லாம் குழம்புத் துண்டு வகை. மெலமைனும் சயனூரிக் அமிலமும் சேர்ந்து சிறுநீரகத்தில் படிகமாகி, நாய்களும் பூனைகளும் செத்தன. எங்கே தயாரிக்கிறோம், எப்படிச் சோதிக்கிறோம் என்று கேட்டால் பதில் சொல்லும் நிறுவனத்தின் பொருளையே வாங்குங்கள்.

• பவுச்சை மட்டும் வைத்து நாயின் பசியை ஆற்ற முயலாதீர்கள். 70 கிராம் பவுச்சில் ஈரம் 85% என்றால் கெட்டிப் பொருள் பத்தரை கிராம்தான். 10 கிலோ நாய்க்கு நாளுக்குச் சுமார் 600 கிலோ கலோரி வேண்டும். பவுச் ஒன்றில் 40-ஐ ஒட்டித்தான் கிடைக்கும். நாளுக்குப் பதினைந்து பவுச் எந்த வீட்டுக்கும் கட்டாது. சோறு, முட்டை, முள் நீக்கிய மீனோடு ஒரு பவுச் சேர்ப்பது நியாயமான வழி. வெங்காயமும் பூண்டும் விழுந்த குழம்புச் சோற்றோடு மட்டும் கலக்காதீர்கள். அவை நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும்.

• "கம்ப்ளீட்" உணவோடு கால்சியம் டானிக் ஊற்றாதீர்கள். லேப்ரடார் போன்ற பெரிய இனக் குட்டிகளுக்கு மிகுதியான கால்சியம் எலும்பு வளர்ச்சியையே கெடுக்கும்.

• செலவைக் குறைக்கப் பூஞ்சை பிடித்த மல்லாட்டையையோ பழைய புண்ணாக்கையோ கலக்காதீர்கள். மல்லாட்டை விளைகிற நம் பக்கத்துக்கு இது முக்கியம். 1960-இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் கூட்டமாகச் செத்தபோது, தீவனத்திலிருந்த நிலக்கடலைப் புண்ணாக்கிலிருந்துதான் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு தெரியவந்தது. நாயின் ஈரல் அதைத் தாங்காது. வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

• உப்பிய, கசிந்த, மடிப்பில் நசுங்கிய டின்னைத் திறக்கவே வேண்டாம். பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

• சிறுநீரக நோய், சர்க்கரை நோய் உள்ள நாய்க்கு டின்னை நீங்களாகத் தேர்ந்தெடுக்காதீர்கள். அரசு கால்நடை மருந்தகத்துக்கு நாயோடு லேபிளின் படத்தையும் கொண்டுபோங்கள்.

• திறந்த டின்னை வெளியே விட்டுவைக்காதீர்கள். நம் வெயிலில் இரண்டு மணி நேரமே அதிகம். மிச்சத்தை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, மூடி, ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். இடையில் நெடுநேரம் கரண்ட் போயிருந்தால் கொட்டிவிடுங்கள்.