ஓடத்தகா வண்டியும் விற்போன் கடப்பாடும்

பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி முதலிய ஊர்களைச் சூழ்ந்த வானம் பார்த்த பூமியில் உழவுமாடு வாங்கச் செல்வோர் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பர், சுழி பார்ப்பர், சிறிது தூரம் நடத்தியும் பார்ப்பர். தரகர் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதெல்லாம் அதற்குப் பின்னரே. இந்நாளிலோ மூட்டைகளைச் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பது பெரும்பாலும் மாடன்று. மக்கள் குட்டியானை எனச் செல்லமாய் அழைக்கும் சிறு சரக்கு வண்டியே. புதிது வாங்கப் பொருள் போதாதார், ஆட்டோ கன்சல்டிங் எனப் பெயர்ப்பலகை தாங்கிய கடையிலே பழையதை வாங்குவர். மாட்டுக்குப் பல் உண்டு, வண்டிக்கு அஃதில்லை. துருவைப் பட்டியால் மூடி வர்ணம் பூசலாம். ஓடிய தொலைவைக் காட்டும் எண்ணையும் குறைத்துவிடலாம். பிரேக்கு பிடியாமையும் ஸ்டீரிங்கின் மூட்டுத் தேய்ந்தமையும் வெளியே தோன்றா. இத்தகைய வண்டியைத் தொழிலாக விற்போனுக்குச் சட்டம் விதிக்கும் கடப்பாடு யாது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

முதற்கண் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தை நோக்குவோம். அதன் 17-ஆம் பிரிவு வஞ்சனை இன்னதென வகுக்கின்றது. பொய்யெனத் தெரிந்தே மெய்போலக் கூறுதலும், குறையை அறிந்துவைத்து முயன்று மறைத்தலும் வஞ்சனையாம். வாளா இருத்தலோ பொதுவகையில் வஞ்சனையன்று. இதனை விளக்கச் சட்டம் இயற்றியோர் கொண்ட உதாரணம் ஒரு குதிரை. குதிரை நலமற்றதென அறிந்த ஒருவன் அதனை ஏலத்தில் விற்கிறான்; வாங்குவோனிடம் ஒன்றும் உரைத்திலன்; இது வஞ்சனையாகாது. வாங்குபவள் அப்பொழுதுதான் வயது நிரம்பிய அவன் மகளாயின், உண்மையை உரைத்தல் அவன் கடமையாகிவிடும். இனி, வாங்குவோன், மறுமொழி இல்லையேல் குதிரை நலமுடையதென்றே கொள்வேன் எனத் தெரிவித்த பின்னும் விற்போன் வாய் திறவாதிருப்பின், அம்மௌனம் பேச்சாகவே கருதப்படும். வாணிகர்க்குரிய அறத்தை வள்ளுவர் நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தில் வைத்தார். நம் சட்ட நூலாரோ குதிரை ஏலத்திலிருந்து தொடங்கினர்!

குதிரை என்றவிடத்தில் வண்டி எனப் பெய்து படித்தால், பட்டி பூசி வர்ணம் அடித்தது வெறும் மௌனமன்று, முயன்று மறைத்தலே என்பது விளங்கும். வாங்குவோன் பிரேக்கைப் பற்றி வெளிப்படையாக ஒரு கேள்வி கேட்டுவிடின் விற்போன் மௌனத்தின் நிழலில் ஒதுங்குதல் அரிது. வஞ்சனையால் விளைந்த ஒப்பந்தத்தை வஞ்சிக்கப்பட்டவர் தள்ளிவிடலாம். ஆயினும், விற்போன் குற்றம் மௌனத்தின்பாற்பட்டதாயின், இயல்பான கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மையைக் கண்டிருக்கலாம் என்னுமிடத்து அவ்வுரிமை இல்லை என 19-ஆம் பிரிவு தடுக்கின்றது.

1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் வாங்குவோன் விழித்திருக்கக் கடவன் என்னும் பழைய விதியையே அடிப்படையாகக் கொண்டது. ஆயின் அதன் 16-ஆம் பிரிவு அவ்விதிக்கு விலக்குகள் கூறும். வாங்குவோன் தன் தேவையை உரைத்து, விற்போனுடைய தேர்ச்சியை நம்பி வாங்கினால், பொருள் அத்தேவைக்கு ஏற்றதாய் இருத்தல் வேண்டும். அவ்வகைச் சரக்கை விற்பதே தொழிலாக உடையவனிடம் விவரங் கூறி வாங்கிய பொருள், சந்தையில் விற்றற்குரிய தரமுடையதாய் இருத்தல் வேண்டும். வாங்குவோன் தானே சோதித்திருப்பின் அச்சோதனையில் புலப்பட்டிருக்க வேண்டிய குறைகளுக்கு மட்டும் இக்காப்பு இல்லை. ஆகவே மொட்டை டயரைக் கண்ணாரக் கண்டு வாங்கியவர் அதனைச் சுட்டி வழக்காடுதல் அரிது. கழற்றிப் பார்த்தாலன்றித் தெரியாத விரிசலோ வேறு. இவ்விலக்குகளையும் உடன்படிக்கையால் நீக்கிவிட 62-ஆம் பிரிவு இடந்தருகின்றது. உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது என ரசீதில் எழுதும் வழக்கத்தின் வேர் இதுவே. எனினும் வஞ்சனைக்கு அவ்வெழுத்துப் போர்வையாகாது.

இதுவரை கூறியவை விற்போன், வாங்குவோன் என்னும் இருவரையே நோக்கின. மதுரை–தூத்துக்குடி நெடுஞ்சாலையின் ஓரத்தே நடந்து செல்வோர் எந்த ரசீதிலும் கையெழுத்திட்டவரல்லர். பிரேக்கு பிடியாத வண்டி மோதுவது அவர்கள்மீதே. அவர்களைக் காத்தற்கு எழுந்தது மோட்டார் வாகனச் சட்டம். சாலையில் ஓட்டினால் விதி மீறலாகும் நிலையிலுள்ள வண்டியை வாணிகர் விற்றலோ, விற்க முன்வருதலோ குற்றமென 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 191-ஆம் பிரிவு கூறிற்று. தண்டனை யாதெனின், 500 ரூபாய்க்கு மேற்படாத அபராதம்! செப்பஞ் செய்த பின்னரே வண்டி சாலைக்கு வரும் என நம்பத் தக்க காரணம் இருந்ததென மெய்ப்பித்தால் அதுவும் இல்லை. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் இப்பிரிவை நீக்கி 182அ என்னும் புதுப்பிரிவைப் புகுத்திற்று. இதன்படி ஓராண்டு வரை சிறை, அல்லது வண்டி ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஆயின் வண்டி எவ்வகையில் விதிக்கு மாறுபட்டது என்பதை விற்கும்பொழுதே தெரிவித்ததாக மெய்ப்பித்தால் விற்போன் தண்டனைக்குத் தப்புவான்.

இம்மாற்றம் பெரிது. 1872-இல் பொறுக்கப்பட்ட மௌனம் இன்று வாணிகனைச் சிறைக்கும் அனுப்பவல்லது. ஆனால் எமக்கு ஓர் ஐயம் உண்டு. குறையைக் கேட்டறிந்து குறைந்த விலைக்கு வாங்கியவர் அன்றே அதனைச் சாலையில் ஓட்டினால், தெரிவித்த வாணிகர் விலகிவிடுவார். தீங்கு தரும் குறையை அறிந்தே ஓட்டியவர்மீது 190-ஆம் பிரிவு பாயும். அதன் அபராதமோ 1,500 ரூபாய்; அக்குறையால் விபத்து நேர்ந்து காயமோ சேதமோ விளைந்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய், அல்லது இரண்டும். தெரிவித்தலோடு செப்பஞ் செய்தலையும் வாணிகர் தலையில் ஏற்றியிருந்தால் வழியில் நடப்பாருக்கு நலமாயிருக்கும் என்பது எம் கருத்து.

அரசின் சோதனை இக்குறையைத் தீர்க்காதோ எனின், முழுதும் தீர்க்காது. சரக்கு வண்டிகள் எட்டாண்டு வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும் பின்னர் ஆண்டுதோறும் எஃப்.சி. காட்டுதல் வேண்டும், அச்சான்று சோதனை நாளின் நிலையையே கூறும். சொந்தக் காருக்கோ முதற்பதிவு 15 ஆண்டு செல்லும். அதற்கிடையே கைமாறும் காரைப் பிரித்துப் பார்ப்பார் இலர்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 29, 30-ஆம் படிவங்களில் விற்றவரிடம் கையெழுத்து மட்டும் பெற்றுக்கொண்டு, ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றாமலே வண்டியைக் கைமாற்றி விடுவர். 2007-இல் விற்கப்பட்டு, பெயர் மாறாமலே பலர் கைக்குச் சென்று, 2009-இல் விபத்துக்குள்ளான ஒரு வண்டியைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. பதிவேட்டில் எவர் பெயர் உளதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவரதே என்றது. என்றோ விற்றுவிட்டு உறங்கினவர் தலையில் இவ்வாறு இடி விழுந்தது. 2022 டிசம்பரில் வெளியிடப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய விதிகள் இதற்கு மருந்தாவன. பழைய வண்டி வாணிகர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெறுதல் வேண்டும். வண்டியை அவரிடம் ஒப்படைத்த செய்தியை உரிமையாளர் முறைப்படி அறிவித்தால், அன்று தொட்டு வாணிகரே உரிமையாளராகக் கருதப்படுவார். அவ்வண்டியால் விளைவனவற்றுக்கும் அவரே பொறுப்பு.

வாங்கி ஏமாந்தவர் செல்லத்தக்க இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வாடகைக்கு ஓட்ட வாங்கியவர் நுகர்வோர் ஆவாரோ என வினவலாம். தாமே ஓட்டிப் பிழைப்பதற்கென வாங்கியவரை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே கொள்ளும். கடை எந்த ஊரில் இருப்பினும், பாளையம்பட்டியார் தம் மாவட்டத்து ஆணையத்திலேயே முறையிடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாதாயின் கட்டணமில்லை. வழக்குக்குரிய காரணம் தோன்றிய நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் முறையிடுதல் வேண்டும். அங்கே விற்போன் வாய்ச்சொல்லினும் வலியவை ரசீதும், விளம்பரத் துண்டும், கைபேசிக்கு அவர் அனுப்பிய செய்தியும், வண்டியைப் பிரித்த மெக்கானிக் எழுதிக் கொடுத்த குறிப்புமேயாம்.